கிஹிமின் தூக்கணாங்கூடுகள்

1930ஆம் ஆண்டு பெர்லினிலிருந்து பம்பாய்க்குத் திரும்பிய சாலிம் அலிக்கு வேலை இல்லை. 1926இல் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில் வழிகாட்டி விரிவுரையாளராகச் சேர்ந்திருந்தார். மாதச் சம்பளம் 350 ரூபாய். இரண்டாண்டுகளுக்குப் பின் விடுப்பெடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குச் சென்று, எர்வின் ஷ்ட்ரேஸமானிடம் பறவையியல் பயின்றார். திரும்பி வந்து பார்த்தபோது, நிதிப் பற்றாக்குறையால் அந்தப் பதவியே நீக்கப்பட்டிருந்தது. வயது முப்பத்து மூன்று. பறவையியலில் பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் கையில் இல்லை; பட்டமின்மையால் வேறு கதவுகளும் திறக்கவில்லை. அதற்குமுன் பர்மாவின் தவாயில் குடும்பத்தின் சுரங்க, மரத் தொழில்களைக் கவனிக்கச் சென்று அதிலும் நிலைபெறாமல் திரும்பியவர். உறவினர்களின் கணக்கில் அவர் எப்படிப்பட்ட மனிதராகத் தெரிந்திருப்பார் என்பதை ஊகிக்கப் பெரிய கற்பனை தேவையில்லை. ஆய்வுதவித் தொகை நின்றுபோன மாதத்தில் ஊருக்குத் திரும்பும் ஆய்வாளர் எவருக்கும் அந்தக் கணக்கு பழக்கமானதுதான்.

அவரும் மனைவி தெஹ்மினாவும் நகரத்தை விட்டு நீங்கினார்கள். பம்பாய்த் துறைமுகத்துக்கு அப்பால், அலிபாகை ஒட்டிய கடற்கரையில் உள்ள சிற்றூர் கிஹிம். அங்கே குடும்பத்துக்கு ஒரு வீடு இருந்தது. வாடகை இல்லை, செலவு குறைவு. எனவே அது ஞானம் தேடிப் போன வனவாசம் அன்று; கையில் பணமில்லாத இருவர் எடுத்த சிக்கனமான முடிவு. தனிமை குறித்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தை மறைத்துவிடுகிறார்கள். மனிதர்கள் தனிமைக்குள் செல்வதற்குப் பல வேளைகளில் மிகச் சாதாரணமான காரணங்களே இருக்கின்றன. அதற்குள் சென்றபின் என்ன செய்தார்கள் என்பதுதான் கவனிக்கத் தக்கது.

சாலிம் அலி செய்தது மறைவில் அமர்ந்து தூக்கணாங்குருவிகளைப் பார்த்தது. மழைக்காலம் அக்குருவிகளின் இனப்பெருக்கக் காலம். ஆண் குருவி நீண்ட புல்லையும் ஓலையையும் நாராகக் கிழித்து, ஒவ்வொரு நாராகக் கொண்டுவந்து பின்னுகிறது. ஒரு கூட்டுக்காக நூற்றுக்கணக்கான முறை பறந்து திரும்புகிறது. கூடு ஏறத்தாழப் பாதி நிலையை அடையும்போது, கவிழ்த்த தலைக்கவசம்போல் தொங்குகிறது. அப்போது பெண் குருவிகள் வருகின்றன. உள்ளே நுழைந்து ஆராய்கின்றன. பிடிக்கவில்லையென்றால் போய்விடுகின்றன, அந்தக் கூடு அரைகுறையாகவே நின்றுபோகிறது. பிடித்துவிட்டால் ஒரு பெண் அதை ஏற்றுக்கொள்கிறது. அதன்பிறகே ஆண், முட்டையிடும் அறையையும் நீண்ட நுழைவுக்குழாயையும் முடிக்கிறது. பெண் முட்டையிட்டுத் தானே அடைகாக்கிறது. ஆணோ சற்றுத் தள்ளி அடுத்த கூட்டைத் தொடங்கி, அடுத்த துணையை அழைக்கிறது.

இந்த வரிசையைத்தான் அவர் கண்டறிந்தார். ஒரே பருவத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல துணைகளைத் தேடும் ஆண், வீட்டைப் பார்த்து முடிவெடுக்கும் பெண். காதலுக்குத் தூக்கணாங்குருவியை உவமையாக்க நினைக்கும் கவிஞர்களுக்கு இது உவப்பான செய்தி அன்று. கூட்டுக்குள் இருக்கும் களிமண் உருண்டைகளில் மின்மினிகளை ஒட்டிவைத்துக் குஞ்சுகளுக்கு விளக்கேற்றுகிறது என்று பாட்டிகள் சொல்லும் கதை இதைவிட அழகானது. ஆனால் அந்தக் கதைக்குக் கூட்டின் அடியில் உட்கார வேண்டிய தேவை இல்லை. உட்கார்ந்தவருக்குக் கிடைத்தது வேறு. அந்தக் குறிப்புகள் 1931இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் கட்டுரையாக வந்தன. வேலையிழந்த ஒருவரின் மழைக்காலம் அவரைப் பறவையியலாளராக உலகுக்கு அறிமுகப்படுத்தியது.

ஒரு குருவி வருகிறது, போகிறது, மீண்டும் வருகிறது. குறித்துக்கொள்ள வேண்டியது சில சொற்கள் மட்டுமே. இப்படி நாள்கணக்கில் அமர்ந்திருப்பவருக்குத் தன்னைப் பற்றி நினைக்க நேரம் மிகுதி என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உண்மை நேர்மாறானது. குருவியைத் தவறவிடாமல் பார்க்க வேண்டுமென்றால் தன் வேலையின்மையை, தன் வயதை, உறவினர்களின் முகங்களை மனத்திலிருந்து இறக்கிவைத்தாக வேண்டும். தனித்திருக்கும்போது மகிழ்ச்சி என்று பெயர்பெறும் நிலை பெரும்பாலும் இதுதான்: தன்னையே தின்றுகொண்டிருக்கும் நினைப்பு சிறிது நேரம் வாயை மூடுகிறது. தனித்த அறையில் கைப்பேசியோடு கழியும் மணிநேரங்கள் ஏன் இளைப்பாறுதலைத் தருவதில்லை என்பதற்கும் விடை இங்கே இருக்கலாம். அங்கே ஆள் இல்லை; ஆனால் தன்னைப் பிறரோடு ஒப்பிட்டு அளக்கும் தராசு ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கிறது.

எனினும் கிஹிமில் அவர் முற்றிலும் தனியாக இல்லை. அந்த வீட்டில் தெஹ்மினா இருந்தார். 1918ஆம் ஆண்டு டிசம்பரில் மணமானவர்கள், குழந்தைகள் இல்லை. பின்னர் ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி என்று சமஸ்தானம் சமஸ்தானமாக அவர் பறவைக் கணக்கெடுப்புக்குச் சென்றபோது, முகாம்களுக்கு தெஹ்மினாவும் உடன் சென்றார். அந்தக் கணக்கெடுப்புகளுக்கு அவர் ஊதியம் கேட்கவில்லை; முகாமுக்கும் பயணத்துக்கும் ஆகும் செலவை ஏற்றால் போதும் என்ற ஏற்பாடு. வருமானமற்ற அந்த ஏற்பாட்டுக்கு உடன்பட்ட இன்னொரு மனம் வீட்டில் இல்லாதிருந்தால், தென்னிந்தியப் பறவையியலின் ஒரு பெரும்பகுதி எழுதப்பட்டிருக்காது. அறிவியல் வரலாறு இத்தகைய உடன்பாடுகளை நன்றியுரையின் கடைசி வரிக்குத் தள்ளிவிடுகிறது. சாலிம் அலியின் தனிமை என்பது இன்னொருவர் காத்துத் தந்த தனிமை. பகலெல்லாம் பேசாமல் அமர்ந்திருக்கலாம். மாலையில் கண்டதைச் சொல்ல ஓர் ஆள் உண்டு. இந்த ஒன்று இருக்கும்வரை மௌனம் எவ்வளவு நீண்டாலும் அது சுமையாவதில்லை.

1939இல் ஒரு சிறிய அறுவை சிகிச்சையைத் தொடர்ந்து தெஹ்மினா இறந்தார்.

அதன்பின் அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. பாந்த்ராவின் பாலி ஹில்லில் சகோதரி கமூவும் மைத்துனர் ஹசன் அலியும் வாழ்ந்த வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். மணவாழ்க்கை இருபது ஆண்டுகளைச் சற்றே கடந்தது. அதன்பின் 1987இல் இறக்கும்வரை நாற்பத்தெட்டு ஆண்டுகள். வெளித்தோற்றத்தில் எதுவும் மாறவில்லை. அதே இருநோக்கி, அதே குறிப்பேடு, அதே விடியற்காலை. ஆனால் மாலையில் சொல்வதற்கு ஆள் இல்லாத தனிமையும் ஆள் உள்ள தனிமையும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவது மொழியின் வறுமை. துணையை இழந்த முதியவர்கள் உணவு முடிந்ததும் நாற்காலியை நகர்த்தாமல் சிறிது நேரம் அப்படியே அமர்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த வேறுபாடு புரியும்.

இரண்டு ஆண்டுகளில், 1941இல், ‘இந்தியப் பறவைகள்’ நூல் வந்தது. சொல்லக் காத்திருந்ததெல்லாம் முகமறியாத வாசகர்களிடம் போய்ச் சேர்ந்ததைப்போல. பறவையியல் அறியாதவரும் பறவையைப் பார்த்துப் பெயரைக் கண்டுகொள்ளும்படி எழுதப்பட்ட நூல் அது. அதன் ஒரு பிரதியை டேராடூன் சிறையிலிருந்த ஜவாஹர்லால் நேரு தம் மகள் இந்திராவுக்கு அனுப்பினார். அதுவரை பறவைகளை இயல்பாக எடுத்துக்கொண்டிருந்த தம் கண்களை அந்த நூலே திறந்தது என்று இந்திரா பிற்காலத்தில் எழுதினார். ஒருவரின் இழப்புக்குப் பின் வந்த புத்தகம், இன்னொருவரின் சிறைத் தனிமை வழியே, ஒரு மகளிடம் சென்றது. சிறைக்குள்ளிருக்கும் தந்தை மகளுக்கு அனுப்பக்கூடிய பொருள்களில் வானத்தைப் பார்க்கச் சொல்லும் புத்தகத்தைவிடப் பொருத்தமானது எது?

நட்பிலும் அவருக்குக் கிடைத்தவை ஒரே வகையானவை அல்ல. 1937இல் ரிச்சர்ட் மைனெர்ட்ஸ்ஹாகன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரியோடு ஆஃப்கானிஸ்தானுக்குப் பறவை சேகரிக்கச் சென்றார். அந்தப் பயணத்தில் மைனெர்ட்ஸ்ஹாகன் தம் நாட்குறிப்பில் சாலிமைப் பற்றி எழுதிவைத்தவை இனத் திமிர் ஊறியவை; பறவை சேகரிப்பதைத் தவிர வேறெதற்கும் உதவாதவர் என்னும் அளவுக்குச் சென்றவை. பல்லாண்டுகள் கழித்து அந்தப் பக்கங்கள் சாலிம் அலியின் பார்வைக்கு வந்தன. அவர் நட்பை அதற்காக மறுதலிக்கவில்லை. 1985இல் வந்த ‘ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி’ என்னும் தன்வரலாற்றில், தம்மைப் பற்றிய அந்த ஏச்சை நகைப்போடு தாமே எடுத்து அச்சிட்டார். நண்பன் முதுகுக்குப் பின்னால் என்ன எழுதினான் என்று தெரிந்தபின்னும் சிரிக்க முடிவது பெருந்தன்மை மட்டும் அன்று. நீண்ட காலம் தன்னோடு தான் இருந்து பழகியவருக்குப் பிறர் தரும் மதிப்பெண் அவ்வளவு முக்கியமாகப் படுவதில்லை.

ஆனால் இந்த நட்பின் மிகக் கொடிய பகுதி அவருக்குத் தெரியாமலே போயிற்று. மைனெர்ட்ஸ்ஹாகன் அருங்காட்சியகங்களிலிருந்து பதப்படுத்திய பறவை உடல்களைத் திருடி, இடத்தையும் நாளையும் மாற்றி, தாம் சேகரித்தவையாக வைத்திருந்தார். காட்டுச் சிறு ஆந்தை ஒன்றை 1914இல் குஜராத்தின் மாண்ட்வியில் பிடித்ததாக அவர் கட்டிய சீட்டும் அப்படிப்பட்டது. அழிந்துபோனதாகக் கருதப்பட்ட அந்த ஆந்தையைச் சாலிம் அலியும் டில்லான் ரிப்ளியும் உட்படப் பலர் தேடினார்கள், கிடைக்கவில்லை. தேடல் வழிதவறியதற்கு அந்தப் பொய்ச்சீட்டும் ஒரு காரணம். 1997 நவம்பரில், அந்தச் சீட்டை நம்பாமல் தேடிய பமேலா ராஸ்முஸனின் குழுவினர் மகாராஷ்டிரத்தின் சாத்புரா அடிவாரத்தில் ஆந்தையைக் கண்டார்கள். சாலிம் அலி இறந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன. ஏச்சை மன்னித்தவர் இதையும் மன்னித்திருப்பாரா? ஏச்சு அவரைத் தொட்டது. பொய்ச்சீட்டு பறவையைத் தொட்டது. அவருக்கு இரண்டாவதே பெரிய குற்றமாகத் தோன்றியிருக்கும்.

மறுபுறம் லோக் வான் தோ. சிங்கப்பூரின் திரைத்தொழில் செல்வர். ஜப்பானியப் படையெடுப்பில் ஊரை விட்டு ஓடி, கப்பல் தாக்கப்பட்டு, தற்காலிகமாகப் பார்வையிழந்து, உயிர்பிழைத்து 1942இல் பம்பாய் வந்து சேர்ந்த அகதி. எல்லாவற்றையும் இழந்துவிட்ட இளைஞரும், மூன்றாண்டுகளுக்கு முன் மனைவியை இழந்த நடுவயதினரும் பறவைகளின் பொருட்டுச் சந்தித்தார்கள். கட்ச் முதல் சிக்கிம் வரை சேர்ந்து அலைந்தார்கள். போர் முடிந்து செல்வம் திரும்பியபின் லோக், நண்பரின் ஆய்வுக்குப் பொருளுதவி செய்தார். பறவை நோக்கும் இருவரின் நட்பில் ஒரு சிறப்பு உண்டு: இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை, ஒரே திசையில் பார்க்கிறார்கள், பேசினால் பறவை பறந்துவிடும் என்பதால் பேசவும் இயலாது. துயரம் உள்ளவர்களுக்கு இதைவிட இதமான துணை அரிது. 1964இல் தைவானில் நிகழ்ந்த விமான விபத்தில் லோக் இறந்தார். சாலிம் அலிக்கு அப்போது அறுபத்தேழு வயது.

இவற்றையெல்லாம் அடுக்கிப் பார்த்தால் துயரக்கதை போலத் தோன்றும். ஆனால் அவர் துயரமுகம் கொண்டவர் அல்லர். மோட்டார் சைக்கிள் பித்து அவருக்கு இருந்தது. 1950இல் ஸ்வீடனின் உப்ஸாலாவில் நடந்த உலகப் பறவையியல் மாநாட்டுக்குத் தம் சன்பீம் வண்டியைக் கப்பலில் ஏற்றிச் சென்று, ஐரோப்பியச் சாலைகளில் ஓட்டிக்கொண்டு போய் இறங்கினார். இந்தியாவிலிருந்தே வண்டியில் வந்துவிட்டார் என்று அங்கே வதந்தி பரவியது. ஐம்பத்து மூன்று வயதில், தனியே, காற்று முகத்தில் அறைய, அறியாத நாட்டின் சாலையில் போகும் ஒரு மெலிந்த மனிதர். இந்தப் படத்தையும் கிஹிமின் மறைவிடத்தையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

பிற்காலப் பயணம் ஒன்றில் அவர் குமாவுன் தராய்ப் பகுதிக்குச் சென்றார். தூக்கணாங்குருவியின் நெருங்கிய உறவினமான ஃபின் நெசவுக்குருவி அங்கே இருப்பதை மீண்டும் கண்டறிந்தவர் அவரே. அதன் கூடு தூக்கணாங்கூட்டைப்போல் ஓலையிலிருந்து தொங்குவதில்லை. மரத்தின் உச்சியில், இலைகளைக் கழித்த கிளைகளோடு சேர்த்துப் பின்னப்பட்டிருக்கும். கீழிருந்து பார்ப்பவர் வெகுநேரம் அண்ணாந்து நிற்க வேண்டும்.