வீட்டுக் கதையைச் சபையில் சொல்லலாமா?

2022 நவம்பர் 1. டிஜிட்டல் டெஸ்க்கில் நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஜர்னலிசம் டிப்ளமோ படிக்கும்போது 'களத்துக்குப் போ, களத்துக்குப் போ' என்று சொல்லித் தந்தார்கள். வேலை கிடைத்ததோ ஏசி அறையில். வருகிற செய்தியைச் சுருக்கி, தலைப்பு வைத்து, படம் ஏற்றிவிட்டு அடுத்த செய்திக்குப் போக வேண்டும்.

அன்று என் கைக்கு வந்தது ஏரியா சபை செய்தி. தமிழ்நாட்டு நகரங்களில் முதல்முறையாக ஏரியா சபைகள் கூடுகின்றன. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதல்வர் ஸ்டாலின் கலந்துகொண்டார். 'கிராம சபை போல இனி நகரத்திலும்!' என்று தலைப்பு வைத்தேன். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

ராத்திரி சங்கரன்கோவிலில் இருந்து அம்மா போன் பண்ணினாள். நான் போடும் செய்தி எதையும் அவள் விடுவதில்லை.

"ஏட்டி, இது நம்ம ஊர்லயும் உண்டா?"

"எல்லா முனிசிபாலிட்டியிலயும் உண்டும்மா."

"அப்ப நம்ம வீடு எத்தனாவது வார்டு? எங்க போய் உக்காரணும்?"

எனக்குத் தெரியவில்லை. அந்த வருஷம் பிப்ரவரி 19-ம் தேதி நகராட்சித் தேர்தலுக்கு ஊருக்குப் போய் ஓட்டுப் போட்டவள்தான் நான். மை வைத்த விரலை ஸ்டேட்டஸிலும் போட்டிருந்தேன். வார்டு நம்பர் மட்டும் மனதில் நிற்கவில்லை. "விசாரிச்சுச் சொல்லுதேம்மா" என்று சொல்லிப் போனை வைத்தேன். அப்புறம் மறந்தும் போனேன்.

அந்த மறதி போன வருஷம் ஜனவரி 26 வரைக்கும் நீடித்தது. லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். காலையில் கொடியேற்றம் முடிந்து வந்த அம்மா, "இன்னைக்கு நம்ம ஏரியா கூட்டம். நீதான நியூஸ் போட்ட? வா, பாப்போம்" என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள். கூடவே எதிர்வீட்டு அத்தையையும் கிளப்பிவிட்டாள்.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் காலையில் எழுப்புவது சேவல் இல்லை, விசைத்தறி. அந்தச் சத்தத்துக்கு நடுவேதான் நாங்கள் படித்தோம், தூங்கினோம். அத்தை ஒரு தறிக்கூடத்தில் தார் சுற்றப் போகிறாள். மாமா இறந்து எட்டு வருஷம் ஆகிறது. வீடு பழைய ஓட்டு வீடு. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் எந்தப் பாத்திரத்தை எந்த மூலையில் வைக்க வேண்டும் என்று அவளுக்கு மனப்பாடம். ஓட்டுக்கு மேல் தார்ப்பாய் போட்டு, அது பறக்காமல் இருக்கப் பழைய டயரைத் தூக்கி வைத்திருக்கிறாள்.

கூட்டத்துக்கு இருபத்தைந்து பேர் இருந்திருப்போம். முன்வரிசை முழுக்க வேட்டிகள். நாங்கள் பின்னால் நின்றோம். வாறுகால் அடைப்பு, தெருவிளக்கு, நாய்த் தொல்லை, குடிதண்ணீர் வரும் நேரம் என்று ஒவ்வொன்றாகப் பேசினார்கள். ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டார். "வேற யாராவது சொல்லணுமா?" என்று கேட்டபோது நான் அத்தையைப் பார்த்தேன். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

திரும்பி வரும்போது கேட்டேன். "வீட்டப் பத்திச் சொல்லியிருக்கலாம்லா அத்தே?"

"நல்லாருக்கே! அது தெருக் காரியம் பேசுத எடம். அங்க போய் என் வீட்டுக் கதையைச் சொல்லி, நாலு பேரு முன்னால நான் கேவலப்படவா?"

அந்தப் பதில் என்னை ரொம்ப நேரம் உறுத்தியது. அவள் சொன்னது எனக்கும் புரிந்தது. வீட்டுக் கஷ்டத்தை வாசல்படி தாண்டவிடாதே என்று சொல்லித்தான் நம்மை வளர்க்கிறார்கள். வாறுகால் ஊர்ப் பிரச்னை, அதை உரக்கக் கேட்கலாம். ஒழுகும் கூரை நம் தலையெழுத்து, அதை வெளியே சொல்லக் கூடாது.

அன்று ராத்திரிதான் முதல்முறையாக அந்த விதிகளை உட்கார்ந்து படித்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்பே, செய்தி எழுதும் முன் படித்திருக்க வேண்டியவை.

கிராம சபைக்கு அரசியல் சாசனத்திலேயே இடம் உண்டு. 73-வது திருத்தம் அதைக் கொடுத்தது. நகரங்களுக்கான 74-வது திருத்தம் 1993 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது வார்டு குழுக்களைக் கட்டாயமாக்கியது மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு மட்டும்தான். 2011 கணக்கெடுப்பில் சங்கரன்கோவிலின் மக்கள்தொகை அதைவிட மிகக் குறைவு. அதாவது, பக்கத்துக் கிராமத்தில் இருப்பவர் சபையில் எழுந்து வரவு செலவு கேட்கலாம். டவுனில் இருக்கும் நாம் கேட்க ஒரு சபையே இல்லை. போதாக்குறைக்கு 2016 முதல் 2022 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும் இல்லை. 2022-ல் தமிழக அரசு வார்டு குழு, ஏரியா சபை விதிகளைக் கொண்டுவந்த பிறகுதான் எங்கள் ஊர் மாதிரியான சின்ன நகரங்களுக்கும் அந்த வாசல் திறந்தது.

அந்த ஏரியாவின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் சபையின் உறுப்பினர்கள். என்ன வேலை வேண்டும், எது முதலில் வேண்டும் என்று சொல்வது அவர்கள் உரிமை. அடுத்து இருந்த வரியை இரண்டு முறை படித்தேன். நலத்திட்டங்களுக்குத் தகுதியான பயனாளிகள் யார் என்று சொல்வதும் அந்தச் சபையின் வேலைதான். அப்படியானால் அத்தை வீட்டுக் கூரை சபைக்குச் சம்பந்தமில்லாத கதை இல்லை. சபை கூடுவதே அதற்கும் சேர்த்துத்தான்.

வீட்டுக்குப் பணமும் இருக்கிறது. பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தில், சொந்த இடத்தில் தானே வீடு கட்டிக்கொள்பவர்களுக்கு ஒன்றிய அரசின் பங்கு ஒன்றரை லட்சம் ரூபாய். மாநில அரசும் தன் பங்கைச் சேர்க்கிறது. 2024-ல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் கணவரை இழந்த பெண்களுக்கு முன்னுரிமையும் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் மூன்று லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நாட்டில் எங்கும் சொந்தமாகப் பக்கா வீடு இருக்கக் கூடாது. அத்தைக்கு எல்லாம் பொருந்தியது, ஒன்றைத் தவிர. இடம் அவள் பெயரில் இருக்க வேண்டும்.

மறுநாள் காலை கேட்டேன். பட்டா அவள் மாமனார் பெயரில் இருந்தது. அவர் போனார், பிறகு மாமா போனார், பட்டா மட்டும் அப்படியே நின்றது. மாமாவுக்கு அண்ணன் ஒருவர், தம்பி ஒருவர்.

"இத எங்க போய்ச் சொல்ல? சொன்னா கொழுந்தன்மாருகிட்ட சொத்துக்குச் சண்டை போடுதான்னுல்லா சொல்லுவாவ" என்றாள்.

அம்மா ஒரு யோசனை சொன்னாள். "இவளுக்கு மட்டுமா இருக்கும்? கேட்டுப் பாப்போமே." நானும் அம்மாவும் என் பழைய காலேஜ் நோட்டை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினோம். கதவு கதவாகத் தட்டினோம். சென்னையில் யாரிடமாவது 'பைட்' வாங்கப் போனால் நான் கேட்பது இரண்டே கேள்வி. இங்கே ஒவ்வொரு வீட்டிலும் உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் நோட்டில் ஆறு வீடுகள் சேர்ந்திருந்தன. ஆறிலும் பட்டா இறந்துபோனவர் பெயரில். நாலு வீட்டில் பெண்கள்தான் குடும்பத் தலைவர். ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் இந்தக் கதி என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தாள். பத்தடி தள்ளி எதிர்வாசலில் அதே கதை இருந்தது.

அந்த நோட்டை அத்தையிடம் காட்டினேன். அவள் பெயர்களைப் படித்துவிட்டு, "இவளுக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆறு பேர் கதை என்றானதும் அதைச் சொல்லும் விதமே மாறிவிட்டது. 'எனக்கு வீடு கொடுங்கள்' என்று கெஞ்ச வேண்டியதில்லை. 'எங்கள் தெருவில் ஆறு வீட்டுக்குப் பட்டா மாறுதல் ஆகாததால் வீட்டுவசதித் திட்டத்தில் விண்ணப்பிக்கவே முடியவில்லை. இதற்கு ஒரு சிறப்பு முகாம் வேண்டும்' என்று கேட்கலாம். அது வாறுகால் மாதிரியே தெருக் காரியம்.

அதை மனுவாக எழுத உட்கார்ந்தபோதுதான் என் எழுத்தின் லட்சணம் தெரிந்தது. முதல் வரியில் 'கண்ணீரில் தத்தளிக்கும் குடும்பங்கள்' என்று எழுதிவிட்டேன். தலைப்பு எழுதிப் பழகிய கை. அம்மா படித்துப் பார்த்து, "கண்ணீரெல்லாம் வேண்டாம்ட்டி. கதவு நம்பரப் போடு" என்றாள். வீட்டு எண், டவுன் சர்வே எண், பட்டா யார் பெயரில், இப்போது குடியிருப்பவர் யார், என்ன உறவு, என்ன சான்றிதழ் கையில் இருக்கிறது, எது இல்லை என்று ஒரு பக்கத்துக்குள் எழுதினோம். கோப்புக்குள் போவது கண்ணீர் இல்லை, எண்தான்.

வெளியூர்களில் இது எப்படி நடக்கிறது என்றும் தேடினேன். ஓணம் வந்தால் சங்கரன்கோவில் பூச்சந்தையில் இருந்து பூ மலை தாண்டிக் கேரளத்துக்குப் போகும். அந்தக் கேரளத்தில் 1996-லேயே மக்கள் திட்டம் என்று தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவிகிதத்தை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தார்கள். மக்கள் வீடு, தண்ணீர், விவசாயம் என்று தனித்தனிக் குழுவாக உட்கார்ந்து, எது முதலில் வேண்டும் என்று பேசினார்கள். அமெரிக்காவில் 1974-ல் வந்த வீட்டுவசதி, சமூக மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் நிதி வாங்கும் நகரங்கள், திட்ட வரைவை மக்கள் பார்வைக்கு வைத்துக் குறைந்தது 30 நாட்கள் கருத்துக் கேட்க வேண்டும் என்பது இன்றைய விதி. கூட்டத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுபவர் எழுதிக் கொடுக்கலாம். அதைப் படித்தபோது, முந்தானையைப் போர்த்திக்கொண்டு நின்ற அத்தைதான் ஞாபகத்துக்கு வந்தாள்.

அடுத்த கூட்டம் ஏப்ரலில். எனக்கு லீவு கிடைக்கவில்லை. மனுவை யார் படிப்பது என்று போனில் ஒரே பேச்சு. அத்தை முடியாது என்றாள். எங்கள் ஆச்சி அந்தப் பக்கம் இருந்து சத்தம் போட்டது எனக்கே கேட்டது. "ஏளா, கோமதியம்மனே ஒத்தக்கால்ல நின்னு தபசு இருந்துதான் கேட்டு வாங்குனா. நீ ரெண்டு கால்ல நின்னு கேக்கதுக்கு என்ன?"

அத்தைதான் படித்தாளாம். முதல் இரண்டு வரி வரைக்கும் குரல் நடுங்கியதாம். அப்புறம் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வாயாலேயே சொல்லிவிட்டாளாம். மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் எழுந்து நின்றார்களாம். முன்வரிசை வேட்டியில் ஒருவர், "எங்க வீட்டுலயும் இதே கததான், அதையும் சேத்து எழுதுங்க" என்றாராம். ஆறு ஏழாகிவிட்டது. நோட்டில் எழுதிக்கொண்டார்கள். மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி, அம்மா எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். நான் எழுதியதில் இதுவரை பைலைன் இல்லாத கட்டுரைகள் எத்தனையோ. அவற்றில் இதற்குத்தான் ரொம்பச் சந்தோஷப்பட்டேன்.

முடிவு சினிமா மாதிரி இல்லை. இரண்டு வீட்டுக்குப் பட்டா மாறியிருக்கிறது. ஒரு வீட்டில் பங்காளிகள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அத்தை இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து வாங்கிவிட்டாள். மூத்த கொழுந்தன் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார். இளையவர் இன்னும் யோசிக்கிறார். ஓட்டு மேல் டயர் அப்படியேதான் இருக்கிறது. இந்த மழைக்கும் பாத்திரங்கள் மூலைக்குப் போகும்.

ஆனாலும் ஒன்று மாறியிருக்கிறது. திட்டம் போடுகிறவர்களுக்குச் சொல்லப்பட்டது மட்டும்தான் தெரியும். சொல்லாத வீடு அவர்கள் கணக்கில் நல்ல வீடு. எங்கள் தெரு இப்போது கணக்கில் இருக்கிறது.

இதைப் படிக்கும் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் டவுனில் இருப்பவர் என்றால், உங்கள் வார்டு நம்பர் தெரியுமா? என்னைப் போல முழிக்காதீர்கள். வாக்காளர் பட்டியலிலோ வீட்டு வரி ரசீதிலோ பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த ஏரியா சபை எப்போது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். போகும்போது உங்கள் பிரச்னையை மட்டும் கொண்டுபோகாதீர்கள். எதிர்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். கையில் ஒரு பேப்பர் இருக்கட்டும்.

போன வாரம் அத்தை போன் பண்ணினாள். வழக்கமாக அம்மா போனில்தான் பேசுவாள். இந்த முறை அவள் போனில் இருந்தே. தறிச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. கடைசியாகக் கத்திக் கேட்டது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"ஏட்டி, அடுத்த கூட்டம் என்னைக்கின்னு பாத்துச் சொல்லு. நான் அரை நாள் லீவு சொல்லணும்லா!"