சும்மாடு

கடந்த ஆண்டு ரொறன்ரோவிலிருந்து வந்த என் மருமகன், தன் தாய்க்கென்று மெய்நிகர் தலைக்கருவி ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். அவனுடைய தாய் என் மூத்த சகோதரி. வயது 79. 1990 இல் மயிலிட்டியை விட்டு இடம்பெயர்ந்தவர். 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகமும் அதனை அண்டிய காணிகளும் விடுவிக்கப்பட்டபோது, இடுப்பெலும்பு முறிந்து கொழும்பில் என் வீட்டில் படுக்கையில் இருந்தார். அதன்பின் யாழ்ப்பாணத்துக்கான நீண்ட பயணத்தை அவருடைய உடல் தாங்கவில்லை. ஆகவே மகன் அங்கு சென்று, எங்கள் வளவை எல்லாத் திசையும் தெரியும் 360 பாகைக் காணொளியாகப் பதிவுசெய்து வந்திருந்தான்.

கருவியை அணிவித்து மூன்று நிமிடங்கள்கூட ஆகவில்லை.

"தம்பி, இதைக் கழட்டு. சும்மாடு இல்லாமல் மீன்கடகம் தூக்கின மாதிரிக் கிடக்கு" என்றார் அக்கா. கழற்றியபோது இரு கன்னங்களிலும் அதன் விளிம்பு ஆழமாகத் தடம் பதித்திருந்தது. மருமகனின் முகம் வாடிவிட்டது.

இந்த முறைப்பாடு இக்கருவியைப் போலவே பழையது. 1968 இல் அமெரிக்க விஞ்ஞானி ஐவன் சதர்லாண்ட் உருவாக்கிய தலைக்கருவி, கூரையிலிருந்து தொங்கிய இயந்திரக் கையுடன் இணைக்கப்பட்டிருந்தது. தலைக்கு மேல் தொங்கும் டமோக்கிளிசின் வாள் என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. 1995 இல் நின்ரெண்டோ நிறுவனம் தன் கருவியை மேசைத் தாங்கியில் வைத்தது; பயனர் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. 2016 இல் சொனி, பாரத்தை நெற்றியில் தாங்கும் வளையத்தை அமைத்தது. 2020 இல் வெளிவந்த ஒக்குலஸ் குவெஸ்ட் 2 கருவியின் முகத்தில் படும் நுரைப்பஞ்சு சிலருக்குத் தோல் எரிச்சலை உண்டாக்கியதால், 2021 யூலையில் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 40 இலட்சம் பஞ்சுகள் மீளப்பெறப்பட்டன.

குவெஸ்ட் 2 இன் நிறை 503 கிராம். ஓர் இறாத்தல் பாணைவிடச் சற்றே அதிகம். பாரம் பெரிதல்ல, அது இருக்கும் இடமே சிக்கல். முழுப் பாரமும் முகத்துக்கு முன்னால் நிற்கிறது. தலை முன்னே சரியாதிருக்கக் கழுத்துத் தசைகள் ஓயாமல் பின்னிழுக்கின்றன. கருவி வழுக்கும்போது நாம் பட்டியை இறுக்குகிறோம். இறுக்க இறுக்கக் கன்னம் வலிக்கிறது.

எங்கள் ஒழுங்கையால் மீன் விற்கச் சென்ற பெண்கள் இதனை நன்கு அறிந்திருந்தார்கள். துணியைச் சுருட்டிச் சும்மாடாக்கி, அதன்மேல் கடகத்தை நடுத்தலையில் நேராக வைத்துக்கொண்டு கைவீசி நடப்பார்கள். அக்காவின் சொல்லே எங்களுக்கு வழிகாட்டியது.

மறுநாள் மாமனும் மருமகனுமாக அமர்ந்தோம். முதலில் பக்கப் பட்டிகளைத் தளர்த்தினோம். அக்காவின் கொண்டையில் தட்டுப்பட்ட பின்பட்டியை, அவர் தலைமுடியைப் பின்னி முன்னால் விட்டபின், பின்தலைப் புடைப்புக்குக் கீழே இருத்தினோம். உச்சிப் பட்டியின் கீழ் துணிச் சுருள் ஒன்றை வைத்து, பாரத்தை அதில் ஏற்றினோம். பின்பட்டியில் 200 கிராம் நிறையுள்ள சிறிய பவர்பாங்க் ஒன்றைக் கட்டினோம். பாரத்தைக் கூட்டினால் பாரம் குறையுமா என்று அக்கா கேட்டார். முன்னும் பின்னும் சமமானால் கழுத்து இழுபடாது என்றேன். 2025 ஒக்டோபரில் அப்பிள் நிறுவனமும் தன் தலைக்கருவியின் புதிய பட்டிக்குள் தங்குதன் உலோகத்தை வைத்தது இதற்காகவே.

முகப் பஞ்சின்மேல் பழைய பருத்திச் சேலைத் துண்டைச் சுற்றினோம். மூக்குக்கண்ணாடி நசுங்காதிருக்க இடைச்சட்டத்தைப் பொருத்தினோம். கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தை அடிமட்டத்தால் அளந்து வில்லைகளை நகர்த்தினோம். உடல் அசையாதிருக்கக் காட்சி மட்டும் நகர்ந்தால் தலை சுற்றும் என்பதால், நடந்தபடி எடுத்த பகுதிகளைத் தவிர்த்து, கமரா ஓரிடத்தில் நின்ற பகுதிகளை மட்டும் தெரிந்தோம். சுழல்நாற்காலியில் அக்காவை இருத்தினோம்.

பத்து நிமிடங்கள் பார்த்தார். வீடு இல்லை, அத்திவாரம் மட்டும் தெரிந்தது. நாற்காலியைத் திருப்பச் சொன்னார். திரும்பியதும் கையை நீட்டினார். பிறகு மெதுவாகத் தலையைக் குனிந்தார். முதல்நாள் அப்படிக் குனிந்தபோதுதான் கருவி மூக்கில் வந்து விழுந்தது. இம்முறை அசையவில்லை.

"கிணத்துக் கட்டு அப்பிடியே இருக்கு தம்பி" என்றார்.

கழற்றியபோது கன்னங்களில் தடம் இருக்கவில்லை.

புலம்பெயர்ந்த பிள்ளைகள் பலர் இன்று தம் பெற்றோருக்கு இத்தகைய கருவிகளை அன்போடு வாங்கி வருகிறார்கள். அவர்களிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். அம்மாவுக்கு இது ஒத்துவராது என்று முதல் நாளே பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். வயதான தலையையும் கொண்டையையும் தேய்ந்த கழுத்தையும் எண்ணி இக்கருவியை எவரும் வடிவமைத்ததாகத் தெரியவில்லை. அந்த மிச்ச வேலை நம்முடையது.