அரிவாள் என்ற சொல்

நோயைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நோயை விட்டுவிட்டு வேறெதையோ எழுதுகிறார்கள். காசநோய் என்றால் கலைஞனின் தனிமை, புற்றுநோய் என்றால் நாகரிகத்தின் அழுகல். ஸூஸன் ஸான்டாக் இந்தப் பழக்கத்தை 1978-ல் ஒரு புத்தகமாகவே எழுதிக் கண்டித்தார். இருந்தும் ஸ்ரீரங்கத்துக் கவி நண்பர் என்னிடம் சொல்கிறார்: "உங்க ரத்தத்துல காடு இருக்கு சார். அதை எழுதுங்க." என் ரத்தத்தில் இருப்பது காடு அல்ல, ஹீமோகுளோபின் எஸ்.

பெயரே உவமையில் பிறந்ததுதான். க்ரெனடாவிலிருந்து சிகாகோவுக்குப் பல் வைத்தியம் படிக்க வந்த மாணவன் ஒருவனின் ரத்தத்தில் வளைந்த அணுக்களைக் கண்டதை 1910-ல் ஜேம்ஸ் ஹெரிக் என்ற டாக்டர் வெளியிட்டார். அரிவாள் வடிவம் என்றார். விஷயம் பின்னால்தான் துலங்கியது: புரதச் சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூடாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின். எழுத்துப் பிழை என்று சொல்லத் தோன்றும். அதுவும் சரியில்லை. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இதைப் பெற்றவனை, இதே மாற்றம் கடும் மலேரியாவிலிருந்து காக்கிறது. இருவரிடமிருந்தும் பெற்றவனுக்கு நோய். நான் இரண்டாவது வகை.

எனக்கு ஊர் கூடலூர்ப் பக்கம். லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரி ஆதிவாசிகளின் ரத்தத்தைச் சோதித்து, இவ்வணு தென்னிந்தியாவிலும் உண்டென்று பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியது 1952-ல். என் அக்கா 1996-ல் இறந்தாள், பதினோரு வயதில். மூட்டுவலி என்றார்கள், பிறகு காய்ச்சல் என்றார்கள், மழையில் நனைந்தாள் என்றாள் பாட்டி. வெகுகாலம் கழித்து என் ரத்தத்தைச் சோதித்த டாக்டர், அவளுடைய வலிகளைப் பற்றி ஒவ்வொன்றாய்க் கேட்டுவிட்டு, "அதேதான்" என்றார். 44 வருஷமாக அச்சில் இருந்த செய்தி அவள் கிடந்த பாய் வரை வரவில்லை. இதற்குப் படிமம் எதுவும் வேண்டாம்.

என்னிடம் வந்து சேர்ந்தது ஹைட்ராக்ஸியூரியா. 1869-ல் ஜெர்மனியில் தயாரிக்கப்பட்ட ரசாயனம். பின்னால் புற்றுநோய்க்குக் கொடுத்தார்கள். 1998-ல் அமெரிக்காவில் இந்நோய்க்கு அனுமதி கிடைத்தது. சிசுப் பருவத்து ஹீமோகுளோபினை உடம்பு மறுபடி அதிகம் உண்டாக்கும்படி அது செய்கிறது. அணுக்கள் வளைவது குறைகிறது. நண்பரிடம் இதைச் சொல்லவில்லை. கருவறைக்குத் திரும்புதல் என்று எழுதிவிடுவார். திரும்புதல் ஒன்றுமில்லை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் இரண்டு காப்ஸ்யூல். சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனை. வெள்ளணு அதிகம் இறங்கினால் மருந்தை நிறுத்திவைப்பார்கள், ஏறினால் மறுபடி தொடக்கம். வலி அடியோடு போகவில்லை. வருகிற தடவைகள் குறைந்திருக்கின்றன. உடம்பில் நீர் வற்றினால் அணு வளையும் என்பதால், திருச்சி வெயிலில் கவுண்டரிலும் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலும் தண்ணீர் பாட்டில் கூடவே இருக்கிறது. இதில் தரிசனம் ஏதும் கிடையாது. பாஸ்புக் பதிவுபோல, விட்டுவிடாமல் செய்யவேண்டிய வேலை.

2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய இயக்கத்தின் பெயரில் 'ஒழிப்பு' இருக்கிறது, கெடு 2047. சோதனையும் மாத்திரையும் மலைக்குப் போவது நல்ல காரியம். சொல்தான் உறுத்துகிறது. பெரியம்மையை ஒழிக்க முடிந்தது, அது வெளியிலிருந்து வந்தது. இது என்னை உண்டாக்கிய விதையிலேயே இருக்கிறது. யார் யாரை மணக்கக்கூடாது என்று சொல்லும் அட்டையோடு காரியம் முடிந்துபோனால், ஒழிவது நோயா, நோயாளியைப் பற்றிய அக்கறையா? ஏற்கெனவே பிறந்துவிட்டவன் வலியில்லாமல் இருப்பதுதான் முதல் வேலை.

உருவகம் கூடாது என்பதல்ல என் வாதம். சொல் எந்தப் பொருளிலிருந்து கடன் வாங்குகிறதோ அதற்குக் கணக்குக் காட்டவேண்டும். என் அக்காவைப் பற்றிக் கவிதை எழுத விரும்புகிறவர்கள் முதலில் வருஷங்களை எழுதிக்கொள்ளட்டும்: 1952, 1996, 1998.