இலக்குக் காவலும் உப்புப் பாத்தியும்

கல்லூரி ஹாக்கிக் குழுவில் இலக்குக் காவலராக யாம் நின்ற முதல் ஆண்டு அது. டிசம்பர்த் திங்களில் ஒருநாள் மாலை, ஆட்டம் முடிய நான்கு நிமிடங்களே எஞ்சியிருந்தன. இரு குழுவினரும் ஒவ்வொரு கோல் அடித்துச் சமநிலையில் நின்றனர். எதிர்க்குழுவின் முன்னணியாளர் ஒருவர் எமக்கு இடப்புறமிருந்து வலப்புறத்திற்குப் பந்தைத் தள்ளினார். அங்கே நின்ற அவர்தம் துணைவர் ஓங்கி அடிப்பார் என்று கருதி யாம் வலப்புறம் பாய்ந்தோம். பாய்ந்த அக்கணத்தில் எம் ஒரு கால் மண்ணில் இருந்தது. மற்றொரு கால் வானில் இருந்தது. அவர் ஓங்கி அடித்தாரல்லர். மட்டையால் சற்றே தொட்டார். பந்து எம் இரு கால்களுக்கும் இடையே, மாலை நடைக்குப் புறப்பட்ட முதியவர்போல, விரைவின்றி உருண்டு சென்று பின்பலகையில் மோதிற்று. அப்பலகை எழுப்பும் ஒலியை ஹாக்கி ஆடினார் அறிவர். யாம் அதனை அன்றிரவு முழுதும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

எவரும் எம்மைக் கடிந்துரைக்கவில்லை. குழுத்தலைவர் எம் தோளைத் தட்டிவிட்டுச் சென்றார். கடிந்திருந்தால் அதுவே ஆறுதலாக இருந்திருக்கும். கால்கவசம், கையுறை, தலைக்கவசம் எல்லாவற்றையும் விளையாட்டறையில் ஒப்புவித்து, தமிழ் ஆனர்ஸ் மாணவர்க்கு நூலகமே தக்க இடம் என்று எமக்குள்ளே தீர்மானித்துக்கொண்டு, கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பேருந்து ஏறினோம்.

எம்மூர் மரக்காணம். இதனை இவ்விதழில் எழுத்தில் பொறிப்பதற்கே எமக்கு இரண்டாண்டுகள் பிடித்தன. விடுதியில் எவரேனும் ஊரை வினவினால் "புதுச்சேரிப் பக்கம்" என்றே விடையிறுத்து வந்தோம். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பது அறிஞர் துணிபு. அதனை ஆசிரியர் வகுப்பில் எடுத்துரைத்த அன்றும் யாம் தலை கவிழ்ந்தே இருந்தோம். காரணம் பெரிதன்று. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைவழிப் புதுச்சேரி செல்வார் எம்மூர்க்கருகில் இருபுறமும் வெள்ளைக் குவியல்களைக் கண்டு, வண்டியை நிறுத்திப் படம் எடுப்பர். அப்படங்களில் குனிந்து நிற்கும் உருவங்களுள் எம் தந்தையாரும் அத்தையும் இருத்தல் கூடும். அவ்விருவரும் நாட்கூலிக்கு உப்பு வாருவோர்.

புத்தாண்டு ஆராதனை முடிந்த மறுநாள் அத்தை எம்மை அளத்துக்கு அழைத்துச் சென்றார். ஆள் குறைவு, பாத்தி மிதிக்க வேண்டும். உப்பளத்தை வண்டியிலிருந்து மட்டும் கண்டார்க்கு இப்பணி தெரியாது. வடகிழக்குப் பருவமழையில் பாத்திகள் எல்லாம் குளமாகிக் கிடக்கும். மழை ஓய்ந்தபின் அந்நீரை வடித்து, சேறு அரைக்காய்ச்சலாய் இருக்கும் பதத்தில், வெறுங்காலால் மிதித்து இறுக்க வேண்டும். தரை இறுகாவிடின், வாரக்கணக்கில் வெயிலில் காய்ச்சிச் செறிவாக்கிய உப்புநீர் மண்ணுக்குள் இறங்கிவிடும்; எஞ்சியதில் விளையும் உப்பும் சேறு கலந்து கறுக்கும். ஆதலால் ஆண்டின் விளைச்சல் முழுதும் தைத்திங்களின் பாதங்களைப் பொறுத்தது என்னலாம். ஐவர் அறுவர் வரிசையாய் நின்று, பக்கவாட்டில், ஓர் அடிக்கும் மறு அடிக்கும் இடையே விரல் நுழையாதபடி நெருக்கமாக மிதித்துச் செல்வர். ஒரு பாத்தியை ஒருமுறை மிதித்தால் போதாது; பல நாள் மிதிக்க வேண்டும்.

யாம் பத்தடி செல்வதற்குள் இருமுறை வழுக்கி விழுந்தோம். படித்த பிள்ளை விழுந்தான் என்று வரிசையில் நின்ற பெண்டிர் அனைவரும் மகிழ்ந்தனர். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. "ஏன்டா தம்பி, கால அம்மாந்தூரம் தூக்கற? தூக்கனா வழுக்கும். தேச்சிக்கினே போ. கண்ணு முன்னாடி போவட்டும், காலு தானா வரும்" என்றார். அவர் செல்வதைக் கூர்ந்து நோக்கினோம். முழங்கால் சிறிது மடிந்திருந்தது. இடுப்பு ஒரே மட்டத்தில் நகர்ந்தது. தலையில் நீர்க்குடம் இருந்தாலும் தளும்பியிராது. உடலின் பாரம் எப்பொழுதும் இரு பாதங்களுக்கும் நடுவில் நின்றது. அன்று மாலைக்குள் எமக்கும் ஓரளவு வந்தது. தொடைகள் எரிந்த எரிவைப் பற்றி எழுதுவது வீண்.

அவ்விரவு நிகழ்ந்ததே இக்கட்டுரைக்குக் காரணம். ஆட்டத்தைத் துறந்தவர் ஆட்டப் படங்களையே தேடிப் பார்ப்பது மனித இயல்பு போலும். கைபேசியில் ஹாக்கி என்று தேடுகையில் பனிக்கட்டி ஹாக்கியின் பயிற்சிப் படம் ஒன்று வந்தது. உறைந்த பனித்தளத்தின்மீது காலணியில் இரும்பு அலகு பொருத்தி ஆடும் ஆட்டம் அது. நம் நாட்டில் லடாக் மக்கள் குளிர்காலத்தில் பெரிதும் விரும்பி ஆடுவது. 2024-ஆம் ஆண்டில் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் ஒரு பகுதியாக லே நகரில் நடைபெற்றது. எம் வீட்டில் பனிக்கட்டி என்றால் மீன்பெட்டிக்கு மட்டுமே உரியது. அப்படத்தில் காவலர் ஒருவர் இலக்கின் முன் தனியாக நின்றார். எதிரில் ஆளில்லை, அடிப்பதற்கு எதுவுமில்லை. இடக்கம்பத்திலிருந்து வலக்கம்பத்திற்கும், அங்கிருந்து மீண்டும் இடக்கம்பத்திற்கும் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டேயிருந்தார். முழங்கால் மடிந்திருந்தது, இடுப்பு ஒரே மட்டத்தில் சென்றது, பாதம் பனியை விட்டு எழவில்லை. யாம் எழுந்து உட்கார்ந்தோம். இதனைக் காலையில்தான் பார்த்திருக்கின்றோமே!

அன்றுமுதல் அவர்தம் இயக்கத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோலப் படித்தோம். அவர்கள் ஆடுவது பந்தன்று. ரப்பரால் ஆன தட்டையான வட்டு. அவ்வட்டு சிறிது தூரம் நகர்ந்தால், காவலர் இரு பாதங்களும் முன்னோக்கியபடியே சிற்றடியாய்ச் சறுக்கிச் செல்வார். நெடுந்தூரம் சென்றால், செல்லும் திசைக்கு ஒரு பாதத்தைத் திருப்பி, மற்றதன் உள்விளிம்பால் உந்தி ஒரே வீச்சில் சேர்வார். அப்போது இரு பாதங்களும் ஆங்கில ‘டி’ எழுத்துப்போல் அமைதலின் அவ்வியக்கத்திற்கு அதுவே பெயர். முன்னும் பின்னும் செல்வதற்கும் பாதத்தைத் தூக்குவதில்லை. பிறைவடிவாய்ப் பனியைச் சீவிச் செல்வர். எல்லாவற்றிலும் தலை முதலில் திரும்பும். தோள் அதனைத் தொடரும். கால் பின்னரே வரும். கண் முன்னே போகட்டும் என்று அத்தை சொன்னதும் இதுவே.

இவை யாவற்றினும் தலையாய விதி ஒன்றுண்டு. எதிரியின் மட்டையிலிருந்து வட்டு புறப்படுவதற்கு முன் காவலர் சென்று சேர்ந்து, இரு காலிலும் பாரம் ஊன்றி, நின்றுவிட வேண்டும். நகர்ந்துகொண்டே தடுக்க முயல்பவருக்குக் கால்களுக்கிடையே வாயில் திறந்தே கிடக்கும். இதனைக் கேட்டவுடன் எமக்கு அந்தப் பலகையின் ஒலி மீண்டும் செவியில் விழுந்தது. யாம் தோற்றது கை மந்தமானதால் அன்று. துணிவு குறைந்ததாலும் அன்று. ஒரு கால் வானில் இருந்ததாலேயே.

கணக்கும் இதனையே சொல்கின்றது. புல்தரை ஹாக்கியில் இலக்கின் அகலம் 3.66 மீட்டர், உயரம் 2.14 மீட்டர். பனி ஹாக்கியில் அகலம் 1.83 மீட்டர், அதாவது நமதில் சரிபாதி, உயரம் 1.22 மீட்டர். நம் அடிவட்டத்தின் விளிம்பு இலக்கிலிருந்து 14.63 மீட்டர் தொலைவில் உள்ளது. அங்கிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் விரைவில் அடித்த பந்து ஏறத்தாழ அரைவினாடியில் வந்து சேரும். அந்த அரைவினாடியில் மனிதர் பாய்ந்து கடக்கத்தக்க இடம் சிறிது. ஆகவே காவலருடைய தொழிலின் பெரும்பகுதி பந்து அடிக்கப்படுவதற்கு முன்னரே முடிந்துவிடுகின்றது.

எங்கே நிற்பது என்பதை மின்சாரம் நின்ற ஓர் இரவில் தெளிந்தோம். மெழுகுவத்தி முன் கையை வைத்தால் சுவரில் நிழல் விழுகின்றது. கையைச் சுவரருகே கொண்டுசென்றால் நிழல் கையளவே. சுடரருகே கொண்டுவந்தால் சுவர் முழுதும் நிழல். சுடரைப் பந்தென்றும் சுவரை இலக்கென்றும் கொள்க. கோட்டின்மேல் ஒட்டி நிற்பவர் தம் உடலளவே மறைப்பர். பந்துக்கும் இலக்கின் நடுவுக்கும் இடையே இழுத்த கோட்டில் இரண்டடி முன்வந்து நிற்பவர் பெரும்பகுதியை மறைப்பர். ஆயின் பந்து மறுபுறம் கைமாறிவிட்டால் முன்வந்தவர் திரும்பச் செல்லும் தொலைவும் மிகும். எத்தனை அடி வருவது என்பது தம் கால் எத்துணை விரைவாய்த் திரும்பும் என்பதைப் பொறுத்தது. மீண்டும் காலுக்கே வந்துவிட்டோம்.

பனித்தளத்து முறை அனைத்தும் நமக்கு உதவும் என்று கொள்ளற்க. கிளென் ஹால் 1950-களில் கையாண்டு, பின்னர்ப் பாட்ரிக் ராய் பரப்பிய ஒரு முறையில், காவலர் இரு முழங்கால்களையும் பனியில் ஊன்றிக் கால்களை வண்ணத்துப்பூச்சியின் சிறகுபோல் இருபுறமும் விரித்துத் தாழ்வான வழியை அடைப்பர். வழுக்கும் பனியில் அந்நிலையிலேயே நகரவும் இயலும். யாம் அதனைக் கல்லூரியின் செம்மண் திடலில் ஒருமுறை முயன்றோம். விடுதியில் மருந்து பூசிய நண்பர் காரணம் கேட்டுச் சிரித்தார். தரையில் வீழ்ந்தவர் எழுவதற்குள் பந்து இருமுறை இலக்கைக் காணும். பாதத்தை முற்றிலும் தேய்த்துச் செல்வதும் புல்லில் ஒவ்வாது. நகத்தளவு தூக்கி வைக்க வேண்டும். சேற்றில் பழகிய காலுக்கு அவ்வளவு தூக்குவது எளிது.

நம் நாட்டுக் காவலர் வரலாறு பெரிது. ஈண்டுச் சிறிதே சொல்வோம். சென்னை ரங்கநாதன் பிரான்சிஸ் 1948, 1952, 1956 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற இந்தியக் குழுக்களில் காவலராக இடம்பெற்றார். 1956-இல் மெல்போர்னில் இந்தியா 38 கோல் அடித்தது, ஒன்றேனும் வாங்கவில்லை. முப்பத்தெட்டு அடித்தாரைப் புகழும் உலகம் அந்தச் சுழியத்தைக் காத்தாரை அத்துணைப் புகழவில்லை என்பது எம் குறை. கேரளத்து ஸ்ரீஜேஷ் டோக்கியோவில் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் ஜெர்மனிக்கு எதிராக, இறுதி வினாடிகளில் வந்த பெனால்டி கார்னரைத் தடுத்து 41 ஆண்டுகளுக்குப் பின் பதக்கம் கொணர்ந்த காட்சியைப் பலரும் கண்டிருப்பர். மீண்டும் ஒருமுறை காண்போர், பந்து எழுமுன் அவர் கால்களை மட்டும் நோக்குக.

விடுமுறை கழிந்து கல்லூரிக்கு மீண்டதும் கால்கவசங்களைத் திரும்பக் கேட்டுப் பெற்றோம். விடியற்காலையில், பந்தின்றி, கம்பத்திற்குக் கம்பம் நகர்ந்து பழகினோம். மே விடுமுறையில் வெயிலில் உப்பு வாரினோம். நீண்ட கழியின் பலகையைப் பின்னோக்கி இழுத்து நடப்பதும் முழங்கால் மடித்த நடையே. இவ்வாண்டு அதே குழுவினரை மீண்டும் எதிர்த்தோம். இரண்டாம் பாதியில் அதே தள்ளல் இடமிருந்து வலம் வந்தது. தலை திரும்பிற்று, கால் தொடர்ந்தது, நின்றோம். பந்து இடக்கால் கவசத்தில் மோதிற்று. மோதித் தெறித்ததை வேறொருவர் ஓடிவந்து கோலாக்கிவிட்டார் என்பதையும் உண்மைக்காக எழுதுகின்றோம். தெறிக்கும் பந்தை எத்திசையில் அனுப்புவது என்பது யாம் இன்னும் கற்கவேண்டிய பாடம். ஆட்டம் இரண்டுக்கு இரண்டு என முடிந்தது.

ஆட்டம் முடிந்து திரும்புகையில் குழுத்தலைவர், "அப்படிப் பக்கவாட்டில் செல்ல எங்கே பழகினீர்?" என்று வினவினார். "மரக்காணத்தில். எங்கள் அத்தையிடம்" என்றோம். அவர் அத்தையும் ஹாக்கி ஆடியவரோ என்று கேட்டார். விடுதி வாயில்வரை உப்பளத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம்.

அத்தைக்கு ஆட்டத்தின் முடிவைத் தெரிவித்தோம். "ரெண்டு வுட்டியா?" என்று மட்டும் கேட்டார். தை பிறந்ததும் வந்துவிடவேண்டுமாம். வடக்குப் பாத்தி இரண்டும் இன்னும் இறுகவில்லையாம். குழுத்தலைவரும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கின்றார். அவர் எத்தனைமுறை விழுவார் என்று காண யாமும் ஆவலாக இருக்கின்றோம்.