நூற்றுக்கு ஒன்று

எம்-சாண்ட் குவாரிகளில் ஓடும் பொக்லைன்களுக்கு ஹைட்ராலிக் சர்வீஸ் பார்ப்பது என் தொழில். சிலிண்டரில் ஆயில் கசிந்தால் முதல் பழி சீல் கிட்டின் மேல் விழும். கிட் மாற்றியும் கசிந்தால் பழி ராடின் மேல் ஏற்றிய குரோமுக்குப் போகும். "குரோம் சரியில்லைங்க" என்றதோடு விசாரணை முடிந்துவிடும். ராடு மறுபடி பட்டறைக்குப் போகும், மறுபடி குரோம் ஏறும், மறுபடி பில் வரும்.

எதனால் சரியில்லை என்று யாரும் கேட்பதில்லை. ஒரு பக்கெட் சிலிண்டர் ராடு என்னைக் கேட்க வைத்தது. புதிதாகக் குரோம் ஏற்றிய ராடு அது. ஒரு மழைக்காலம்கூடத் தாங்காமல் மிளகு தூவியது மாதிரி துருப்புள்ளிகள் வந்துவிட்டன. புள்ளியின் விளிம்பு ரம்பப் பல்லாக நின்று, ராடு உள்ளே போகும்போதெல்லாம் வைப்பர் சீலையும் ராடு சீலையும் கீறிக்கொண்டிருந்தது.

பிளேட்டிங் தெரிந்த நண்பர் ஒருவர் ஒரு சோதனை சொல்லிக்கொடுத்தார். ராடை நன்றாகத் துடைத்து எண்ணெய்ப் பசை போக்க வேண்டும். பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் சாப்பாட்டு உப்பும் கரைத்த தண்ணீரில் வடிதாளை நனைத்து ராடின் மேல் காற்றுக்குமிழ் இல்லாமல் ஒட்ட வேண்டும். குரோமில் எங்கெல்லாம் இரும்பு வரைக்கும் துளை இருக்கிறதோ, அங்கெல்லாம் தாளில் நீலப்புள்ளி விழும். சில நிமிடம் போதும். கண்ணுக்கு முகம் பார்க்கும் கண்ணாடியாகத் தெரிந்த இடத்தில்கூட நீலம் பூத்தது. தாளை உரித்து மேசையில் விரித்தால் அந்த ராடின் ஜாதகம் மாதிரி இருந்தது.

புள்ளிகள் இரண்டு விதமாக விழுந்திருந்தன. ஒரு பக்கம் மட்டும் நீளவாக்கில் நெருக்கமாக ஒரு பட்டை. மற்ற இடங்களில் அங்கொன்றும் இங்கொன்றும்.

பட்டைக்குக் காரணம் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. தடிமன் மீட்டரை வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் குரோம் தாராளமாக இருந்தது, எதிர்ப்பக்கம் பேருக்குத்தான் இருந்தது. ராடு லேசாக வளைந்திருக்கிறது. வளைவை பிரஸ்ஸில் எடுக்காமலே குரோம் ஏற்றியிருக்கிறார்கள். குரோம் வளைவோடு சேர்ந்து சமமாகத்தான் ஏறும். பிறகு கிரைண்டிங் மெஷினில் சென்டர் பிடித்து உருட்டும்போது, புடைத்த பக்கத்தில் கல் அதிகம் தின்றுவிடும். வெளியே அளந்தால் சைஸ் சரியாக இருக்கும், உருண்டையும் சரியாக இருக்கும். புது ராடுகளுக்குக் குரோம் 20 முதல் 25 மைக்ரான் இருப்பது வழக்கம். ஹார்டு குரோமில் உள் இறுக்கத்தால் பிறவியிலேயே மயிரிழை வெடிப்புகள் உண்டு. தடிமன் போதுமான அளவு இருந்தால் ஒரு வெடிப்பை அடுத்த படிவு மூடிக்கொண்டே வரும், அடிவரைக்கும் வழி திறக்காது. தடிமன் குறைந்தால் அந்த வெடிப்பே தண்ணீருக்கு வாசல்.

சிதறிய புள்ளிகள்தான் என்னை அலைக்கழித்தன. அதில் சில பழைய குழிகள். குரோம் குழியை நிரப்பாது. மின்சாரம் மேட்டைத்தான் தேடிப் போகும், குழியின் விளிம்பில் ஏறி அடியை அப்படியே விட்டுவிடும். குழி மறையும்வரை இரும்பை கிரைண்ட் செய்துவிட்டு அதன்பிறகு ஏற்றினால்தான் உண்டு. ஆனால் சுத்தமான இரும்பு இருந்த இடத்திலும் புள்ளி இருந்ததே? அதற்குப் பதில் தொட்டியில் இருக்கிறது என்றார் நண்பர்.

கோவையில் குரோம் போடும் பட்டறை ஒன்றுக்குப் போனேன். இந்த ராடைச் செய்த இடம் இல்லை, வேறு இடம். கருஞ்சிவப்பாக, கொதிநிலைக்குப் பாதியில், 55 டிகிரியில் நிற்கும் தொட்டி. ஈய ஆனோடுகளுக்கு நடுவில் ராடு தொங்குகிறது. கொடுக்கும் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்குகூடக் குரோமாக மாறுவதில்லை. மிச்சமெல்லாம் ஹைட்ரஜன் குமிழியாகவும் சூடாகவும் போகிறது. மணிக்கு இருபது மைக்ரான் ஏறினாலே நல்ல வேகம். நடுவில் கரண்ட் போய் வந்தால் ஏறின குரோமின் மேல் மெல்லிய படலம் படிந்துவிடும், அதற்கு மேல் ஏறுவது ஒட்டாமல் ஏடு ஏடாக உரியும். மின்வெட்டுக் காலத்தில் உரிந்த ராடுகளை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம்.

"தொட்டிக்குள்ள என்னங்ண்ணா இருக்கு?" என்றேன்.

"குரோமிக் ஆசிட் லிட்டருக்கு 250 கிராம், சல்ஃபேட் ரெண்டரை கிராம். நூத்துக்கு ஒண்ணு. எங்கப்பா காலத்துல இருந்து இதேதாங்க."

அந்த நூற்றுக்கு ஒன்று யார் வைத்த கணக்கு? அவருக்குத் தெரியவில்லை, அவர் அப்பாவுக்குக் கற்றுக்கொடுத்தவருக்கும் தெரிந்திருக்காது. என் தேடல் அங்கிருந்து வேறு பக்கம் திரும்பியது.

குரோமியத்தை 1797இல் சைபீரியாவின் சிவப்பு ஈயத் தாதுவில் கண்டுபிடித்தவர் பிரெஞ்சுக்காரர் வோக்லின். 1854இல் ஜெர்மனியின் புன்சன் குரோமியம் குளோரைடு கரைசலிலிருந்து மின்சாரத்தால் குரோமியத்தைப் பிரித்தார். இரண்டு வருடம் கழித்து கொய்தர், குரோமிக் ஆசிட் கரைசலிலிருந்தே படியவைத்ததாக எழுதினார். இன்றைய தொட்டியின் பாட்டன் அதுதான். ஆனால் அதைப் பின்பற்றியவர்களுக்கு ஒரு நாள் படிந்தது, இன்னொரு நாள் படியவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் இப்படியே இழுத்தது. மர்மம் இதுதான்: குரோமிக் ஆசிட் சுத்தமாக இருந்தால் குரோம் படியவே படியாது. டைகுரோமேட்டில் கந்தக அமிலம் ஊற்றித் தயாரித்த ஆசிட்டில் துளி சல்ஃபேட் அழுக்காக ஒட்டிக்கொண்டு வரும். அந்த அழுக்கு இருந்த கரைசலில்தான் படிந்தது. எந்த ஆய்வகத்தில் சுத்தம் பார்த்தார்களோ அங்கே தோல்வி. இதைவிட அழகான கேலி வேதியியலில் எனக்குத் தெரிந்து இல்லை.

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1905இல் கார்வெத்தும் கரியும் இந்தச் சல்ஃபேட்டின் வேலையைக் கவனித்தார்கள். அதே கார்னெலைச் சேர்ந்த சார்ஜென்ட் 1920இல் வெளியிட்ட கட்டுரையில், கோவைத் தொட்டியைக் கிட்டத்தட்ட அப்படியே பார்க்கலாம்: லிட்டருக்குச் சுமார் கால் கிலோ குரோமிக் ஆசிட், அதில் துளி சல்ஃபேட். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஃபிங்க், சல்ஃபேட் வினையூக்கி என்றும் அதன் விகிதத்தைக் கட்டுக்குள் வைப்பதுதான் தொழிலே என்றும் தெளிவாகச் சொல்லி 1926இல் காப்புரிமை வாங்கினார். பெருமை ஃபிங்குக்குப் போனதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. சார்ஜென்டின் தொட்டி கண்ணெதிரில் இருந்தது. ஆனால் ஏன் வேலை செய்கிறது என்று சொன்னவன்தான் பட்டறைக்கு உதவுகிறான் என்பதையும் மறுக்க முடியாது. காப்புரிமையைக் கையில் வைத்திருந்தவர்கள் 1930களில் ஜெனரல் மோட்டார்ஸ் வரை வழக்குக்கு இழுத்தார்கள்.

இந்தக் கதையோடு மறுபடி பட்டறைக்குப் போனபோது கேட்டது ஒன்றே ஒன்றுதான். தொட்டி சூடு, தண்ணீர் ஆவியாகும், தினமும் ஊற்ற வேண்டும். என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?

"போர் தண்ணிதாங்ண்ணா. வேற என்னத்த ஊத்துறது?"

போர் தண்ணீரில் சல்ஃபேட்டும் உண்டு, குளோரைடும் உண்டு. தண்ணீர் ஆவியாகிறது, உப்பு போவதில்லை. சுண்டச் சுண்டக் கரிக்கும் குழம்பு மாதிரி மாதக்கணக்கில் ஏறுகிறது. ஒரு துளி அழுக்கில் உயிர் பிடித்த தொட்டி, அதே அழுக்கு மிஞ்சினால் கெடுகிறது. சல்ஃபேட் கூடினால் விகிதம் சாய்ந்து குரோம் பரவுவது குறையும். அதையாவது பேரியம் கார்பனேட் போட்டு இறக்கலாம். குளோரைடு இன்னும் மோசம், இரும்பை அரிக்கும், ஈய ஆனோடைத் தின்னும், ராடில் குழி விழவைக்கும். என் ராடைச் செய்த பட்டறையிலும் இதே தண்ணீர்தான் என்றால், சுத்தமான இரும்பில் விழுந்த என் நீலப்புள்ளிகளுக்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

தொட்டியில் இருக்கும் ஆசிட்டுக்கு ஒரு ஊர்வழியும் உண்டு. குரோமியத் தாது ஒடிசாவின் சுகிந்தாவில், அதிலிருந்து டைகுரோமேட், அதிலிருந்து ஆசிட். ராணிப்பேட்டையில் ஒரு குரோமேட் ஆலை 1990களின் நடுவில் மூடும்போது லட்சக்கணக்கான டன் கழிவைக் குவித்துவிட்டுப் போனது. நிலத்தடி நீர் மஞ்சளாக ஊறியது. தொட்டியின் புகையை வருடக்கணக்கில் சுவாசித்தவர்களுக்கு மூக்குத் தண்டில் ஓட்டை விழலாம், நுரையீரல் புற்றுநோயும் வரலாம். ஐரோப்பாவில் 2017 செப்டம்பரிலிருந்து தனி அனுமதி இல்லாமல் குரோமிக் ஆசிட் பயன்படுத்த முடியாது. டங்ஸ்டன் கார்பைடு ஸ்பிரே, லேசர் கிளாடிங் என்று மாற்றுகள் வந்துவிட்டன. குவாரி ராடுக்கு அந்தச் செலவை இங்கே யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

கோவைப் பட்டறைக்காரர் தொட்டிக்கு ஊற்றும் தண்ணீரைச் சுத்தப்படுத்த ஆர்.ஓ. பிளான்ட் போட விலை விசாரித்துவிட்டு, "கஸ்டமர் இஞ்சுக்கு எவ்வளவுன்னு மட்டும்தாங்க கேக்கறாங்க" என்றார். நியாயமான பேச்சு. அதனால் இப்போது என் ஜாப் கார்டில் விலைக்கு மேலே மூன்று வரி எழுதுகிறேன்: குரோமுக்கு முன் டயல் வைத்து வளைவு பார்த்த அளவு, கிரைண்டிங் முடிந்தபின் சுற்றிலும் நான்கு இடத்தில் தடிமன், தொட்டியில் கடைசியாக சல்ஃபேட், குளோரைடு டெஸ்ட் எடுத்த தேதி. மூன்றாவது வரியை நிரப்பாமல் அனுப்பும் பட்டறைகள்தான் இன்னும் அதிகம். ராடைத் திருப்பி அனுப்பினால் சண்டைக்கு வருகிறார்கள். வடிதாளை ஒட்டிக் காட்டினால் அடங்கிவிடுகிறார்கள்.