மேலத்தெரு 192.168

ஒவ்வொரு கணினிக்கும் தன்னைத் தானே கூப்பிட்டுக்கொள்ள ஓர் எண் உண்டு: 127.0.0.1. அதைத் தட்டினால் கேள்வி வெளிக்கம்பிக்குப் போகாமல் உள்ளேயே திரும்பிவிடும். இந்த ஒரு காரியத்துக்காக 127 என்று தொடங்கும் முகவரிகள் முழுவதையும், ஒரு கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட எண்களை, ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். பழைய நான்கெண் முறையில் மொத்தமே 429 கோடி முகவரிகள்தான். தன்னோடு பேசிக்கொள்வதற்கு இவ்வளவு இடமா என்று வியப்பாக இருக்கிறது.

இணையதளம் செய்பவர்கள் முதலில் அந்த எண்ணில்தான் அதை வைத்துப் பார்ப்பார்கள். எழுதி முடித்து மேசை இழுப்பறையில் போட்டுவைத்த கதையைப் போல அது அங்கே கிடக்கும். அங்கிருந்து நேராக உலகத்துக்கு ஏற்றிவிடுவதுதான் வழக்கம். இரண்டுக்கும் நடுவே ஒரு நிலை இருக்கிறது: ஒரே வலைப்பின்னலுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் திறந்துவைப்பது. கையெழுத்துப் பத்திரிகை நடத்தியவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஒரே பிரதி, கைமாறிக்கொண்டே இருக்கும்; இப்போது யாரிடம் இருக்கிறது என்பது ஆசிரியருக்குத் தெரியும்.

எனக்கு இது தேவைப்பட்டது அப்பாவின் நோட்டுகளால். அவர் அம்பாசமுத்திரம் பக்கத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1969 முதல் 2004 வரை ஆண்டுக்கு ஒன்றாக 36 வரவு செலவு நோட்டுகள் வைத்துவிட்டுப் போனார். தாள் பொடியத் தொடங்கியிருந்ததால் பக்கம் பக்கமாகப் படமெடுத்தேன். ஏறத்தாழ 2,900 படங்கள். ஆராய்ச்சி செய்யும் நண்பர் ஒருவர், ஒரு கிராமத்தின் 35 ஆண்டு விலைவாசி இதில் இருக்கிறது, உடனே இணையத்தில் ஏற்றுங்கள் என்றார். மறுப்பதற்கில்லை. ஆனால் நோட்டில் விலைவாசி மட்டுமா இருக்கிறது? யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய், எந்த மாதம் அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது, யார் யாரிடம் கைமாற்று வாங்கியது எல்லாம் பெயரோடு இருக்கிறது. அந்தப் பெயர்களுக்கு உரியவர்களில் பலர் அதே தெருவில் இன்னும் இருக்கிறார்கள். ஆகவே முதலாண்டுத் திதிக்கு எல்லோரும் ஊரில் கூடியபோது, வீட்டுக்குள் மட்டும் தெரிகிற ஒரு தளமாக இதைச் செய்தேன்.

செய்முறை பெரிதில்லை. படங்களை ஆண்டுவாரியாக ஒரு தனிக் கோப்புறையில் அடுக்கினேன். தனிக் கோப்புறை என்பது முக்கியம், ஏனென்றால் அதற்குள் கிடக்கும் அனைத்தும் வெளியே தெரியும். பைத்தானில் ஒரு வரிக் கட்டளை கொடுத்தால் அந்தக் கோப்புறை 8000 என்ற வாசலில் இணையதளமாகிவிடுகிறது. பொதுவெளிக்கு இதை நம்பாதீர்கள் என்று அதை உருவாக்கியவர்களே எச்சரித்திருக்கிறார்கள், வீட்டுக்குப் போதும். சில வழங்கி மென்பொருள்கள் தம் சொந்தக் குரலுக்கு மட்டுமே காது கொடுக்கும். அவற்றிடம் 0.0.0.0 என்று சொல்லவேண்டும், எந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாலும் பதில் சொல் என்பதாக. அப்புறம் விண்டோஸின் தீயரண் குறுக்கே வந்து நின்று, நீ இருப்பது வீட்டு வலையா பொது வலையா என்று கேட்கும். ரயில் நிலையத்தில் இருந்துகொண்டு வீடு என்று சொல்லிவைக்கக் கூடாது. இவ்வளவும் முடிந்தபின், கைபேசிகள் வைஃபையில் இருக்கவேண்டும். என் அண்ணன் கால்மணி நேரம் ஜியோ இணைப்பில் இருந்துகொண்டே ‘வரல, வரல’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் தளத்தின் முகவரி 192.168.1.7. இந்த வகை எண்கள் 1996 பிப்ரவரியில் வெளியான ஒரு நெறிமுறை ஆவணத்தின்படி தனி வலைகளுக்கென்று விடப்பட்டவை. உலகத்தில் எத்தனையோ வீடுகளில் இதே எண் இருக்கும். ஊருக்கு ஊர் மேலத்தெரு இருப்பதைப் போல. ‘மேலத்தெரு, 7ஆம் எண்’ என்று மட்டும் எழுதி வெளியூரில் தபால்பெட்டியில் போட்டால் கடிதம் எங்கும் போய்ச்சேராது. உள்ளூரில் ஒரு பையனிடம் கொடுத்தால் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வருவான்.

வலை என்பதே இப்படி உள்ளூர்ச் சரக்காகத்தான் தொடங்கியது. 1989 மார்ச்சில் டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் கொடுத்த திட்டம், அந்த ஆய்வகத்துத் தகவல்கள் ஆட்கள் மாறும்போது தொலைந்துபோகாமல் காப்பதைப் பற்றியது. 1990 இறுதியில் ஒரு நெக்ஸ்ட் கணினியில் முதல் வழங்கி ஓடியது. ஆய்வகத்துத் தொலைபேசிப் பட்டியல் அதன் வழியே கிடைத்ததுதான் அங்கிருந்த பலரை அதன் பக்கம் இழுத்தது. வெளியுலகத்துக்குப் பொது அறிவிப்பு வந்தது 1991 ஆகஸ்டில். இது வழங்கி, அணைத்துவிடாதீர்கள் என்று அந்தப் பெட்டியின் மேல் கையால் எழுதி ஒட்டியிருந்தார்கள். நானும் மடிக்கணினியின் மேல் ‘மூடாதீர்கள்’ என்று ஒரு சீட்டு ஒட்டினேன். பந்திக்கு இலை போட இடம் தேடி யாராவது மூடிவைத்துவிடுவார்கள் என்ற பயம்.

உள்ளே என்பது எதுவரை என்ற கேள்வி ஒன்று இருந்தது. எங்கள் வைஃபை கடவுச்சொல் அடுத்த வீட்டுப் பையனுக்குத் தெரியும். 2020இல் அவனுடைய இணையவழி வகுப்புகளுக்காக அப்பா கொடுத்தது. சுவரைத் தாண்டி அவர்கள் திண்ணை வரைக்கும் அலை போகும். அதாவது அவர்களும் உள்ளே. 1983 நோட்டில் அந்த வீட்டுத் தாத்தாவிடம் 600 ரூபாய் கைமாற்று வாங்கிய கணக்கு இருக்கிறது. திருப்பிக் கொடுத்த வரி எங்கும் என் கண்ணில் படவில்லை. கடவுச்சொல்லை மாற்றிவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். “குடுத்தவுக பாக்கதுல என்னய்யா இருக்கு?” என்றாள். மாற்றவில்லை.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பின் பட்டாசாலையில் அவரவர் கைபேசியோடு படுத்துக்கொண்டு படித்தார்கள். நோட்டாக இருந்திருந்தால் ஒருவர் படிக்க மற்றவர்கள் எட்டிப் பார்த்திருப்பார்கள். இப்போது ஆளுக்கு ஓர் ஆண்டு. ‘எனக்கு சைக்கிள் வாங்கினது 340 ரூவாயாம்’ என்று ஒரு குரல் வரும், இன்னொரு மூலையிலிருந்து ‘அந்த மாசம்தான் எனக்கு டைபாய்டு’ என்று பதில் வரும். அந்த 600 ரூபாயைத் தேடும் வேலையையும் பங்குபோட்டுக்கொண்டோம். அண்ணன் 84, தங்கை 85, அவள் மகள் 86, நான் 87. கிடைக்கவில்லை. அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். அப்பா கடன் வைத்துவிட்டுப் போகிற மனிதர் இல்லை என்பது எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கையாக மட்டுமல்ல, கொஞ்சம் பெருமையாகவும் இருந்துவந்தது.

வழங்கியின் கறுப்புத் திரையில் யார் எந்தப் பக்கம் கேட்கிறார்கள் என்பது வரிவரியாக ஓடிக்கொண்டிருக்கும். எங்களுடையதல்லாத ஓர் எண் 83க்குள் போய் அந்தப் பக்கத்தைத் திறந்ததைப் பார்த்தேன். சொல்லவில்லை.

பத்து நிமிடம் இருக்கும். கொல்லை வாசல் வழியாக அந்த வீட்டு ஆச்சி வந்தாள். எண்பது வயதுக்கு மேல். பேரன் வாசித்துக் காட்டியிருக்கிறான். “ஏ மதினி, அதான் நெல்லா அளந்தாச்சுல்லா, வாத்தியார் கணக்குல ஏன் நிக்கி?” என்றாள். கார் அறுப்பிலும் பிசான அறுப்பிலுமாக மூன்று தவணையில் நெல்லாகப் போயிருக்கிறது. அம்மாவுக்கும் அப்போது நினைவு வந்துவிட்டது. அப்பா எழுதியது ரொக்கக் கணக்கு. அளந்து கொடுத்த நெல் அதில் எப்படி ஏறும்? நண்பர் சொன்னபடி பொதுவில் ஏற்றியிருந்தால், அந்தப் பக்கத்தைப் பார்க்கும் எந்த ஆய்வாளருக்கும் அது தீராத கடன்தான். அவர்களிடம் வந்து சொல்லக் கொல்லை வாசல் கிடையாது. ஆச்சி சொன்னதை ஒரு தனிக் குறிப்பாக எழுதி 83இன் அடியில் சேர்த்தேன்.

ஊரைவிட்டுக் கிளம்புமுன் ஒரு ராஸ்பெரி பையில் எல்லாவற்றையும் ஏற்றி ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன். எண் மாறிவிடாதபடி ரவுட்டரில் அதற்கென 7ஐயே நிலையாக ஒதுக்கிவைத்தேன். மின்சாரம் போனாலும் இன்வெர்ட்டர் தாங்கும். அண்ணன் பென்டிரைவில் ஒரு பிரதி கேட்டார், கொடுத்தேன். தங்கை வேண்டாம், முகவரி இருக்கிறதே என்று சொல்லிவிட்டு ஷார்ஜாவுக்கு விமானமேறினாள். போன வாரம் கூப்பிட்டாள். அங்கே அதே எண்ணைத் தட்டினாளாம். அவள் வீட்டு அச்சுப்பொறியின் பக்கம் திறந்து, மஞ்சள் மை தீரப்போகிறது என்று சொன்னதாம்.