காற்றுக்கு ஒரு வாசல்

(இரண்டாமாண்டு மாணவன், இயற்பியல்)

பெட்ரோல் எரிந்து தரும் வெப்பத்தில் ஒரு சிறு பகுதிதான் சக்கரத்தை உருட்டும் வேலையாகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியேறியாக வேண்டும். வெளியேற நல்ல வழி இல்லையென்றால் என்ன ஆகும்? இதற்கு நான் விடை கற்றது வகுப்பறையில் அன்று. ஷார்ஜாவில் ஒரு கார்ப் பட்டறையில்.

கல்லூரியில் சேருமுன் ஓராண்டுக் காலம் அங்கே என் தாய்மாமனுக்கு உதவியாளாக இருந்தேன். மாமா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். 2023ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் இளைஞர் தம்முடைய ஷெல்பி ஜிடி500 மஸ்டாங் காரைக் கொண்டுவந்தார். 2020 மாடல், 5.2 லிட்டர் எஞ்சின், 760 குதிரைத்திறன். பானட்டின் நடுவே 31 அங்குலத்துக்கு 28 அங்குல அளவில் ஒரு திறப்பு. அதன்மேல் பின்னோக்கிச் சாய்ந்த லூவர் தகடுகள். அடியில் கழற்றி மாட்டக்கூடிய அலுமினிய மழைத்தட்டு.

துபாய் ஆட்டோடிரோமில் ஓட்டப்போவதால் தட்டு, தகடு இரண்டையும் எடுத்துவிட வேண்டும் என்றார் அவர். திறப்பு பெரிதானால் வெப்பம் விரைந்து போகும் என்பது அவர் கணக்கு.

"தட்டைக் கழற்றலாம். தகட்டைத் தொடமாட்டேன்" என்றார் மாமா.

முதலாளியின் முகம் கறுத்தது. காசு கொடுப்பவர் கேட்பதைச் செய்வதுதானே தொழில்? மாமாவின் விசா முதலாளியின் கையில் இருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மாமா வாதாடவில்லை. சிவப்புக் கம்பளி நூலை நான்கு விரல் நீளத்துக்கு வெட்டி, பானட் முழுவதும் டேப்பால் ஒட்டச் சொன்னார். காரை அவர் ஓட்ட, உரிமையாளர் பக்கத்தில் அமர்ந்தார். பின்னிருக்கையில் நான் ஒடுங்கிக்கொண்டேன். வேகம் கூடியதும் திறப்பைச் சுற்றியிருந்த நூல்களெல்லாம் படிய வாரிய தலைமுடிபோலப் பின்னோக்கிப் படிந்தன. கண்ணாடியின் அடியில் இருந்தவையோ சுழன்று துடித்தன. சில முன்னோக்கியே திரும்பின.

"கண்ணாடியில காத்து முட்டுது, அதான் சுத்துது. தகட்டை எடுத்துட்டா மேல ஓடுற காத்து குழிக்குள்ள விழுந்து பின்விளிம்புல இதே மாதிரி முட்டும். சூடு எப்படி வெளிய வரும்?" என்று கேட்டார்.

பெர்னூலி என்ற பெயரை மாமா கேட்டதில்லை. பானட்டின் முன்பகுதி வளைவில் காற்று விரைகிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. கண்ணாடியின் அடியில் காற்று தயங்குகிறது, அழுத்தம் கூடுகிறது. ஆகவே வெப்பக்காற்றுக்கு வாசல் முன்னே இருப்பதே முறை. சாய்ந்த தகடுகள் மேலோடும் காற்றை ஒழுங்காகக் கடத்தி, உள்ளிருப்பதை உறிஞ்ச விடுகின்றன. உள்ளே அடைபட்ட காற்று பானட்டை மேலே தள்ளுவதும் குறைவதால் முன்சக்கரங்கள் தரையை நன்கு பற்றுகின்றன. மழைத்தட்டோ நீரை ஏந்தி ஓரமாக வடிப்பதற்கு. ஆனால் காற்றுக்கும் அது குறுக்கே நிற்கும். பந்தயத் தளத்தில் மட்டும் அதைக் கழற்றுவது சரி.

இளைஞர் ஒப்புக்கொண்டார். தட்டு இனி வேண்டாம் என்று விட்டுப்போனார். மாமா அதைத் துணியில் சுற்றி, வண்டி எண்ணை எழுதிப் பரணில் வைத்தார்.

2024 ஏப்ரல் 15 அன்று மழை எச்சரிக்கை வந்தது. மாமா தாமே தொலைபேசியில் அழைத்து, வண்டியை வரவழைத்துத் தட்டை மாட்டிக் கொடுத்தார், கூலி வாங்கவில்லை. மறுநாள் அந்நாடு அதுவரை பதிவு செய்திராத மழை! அல் ஐன் பகுதியின் ஒரு நிலையத்தில் ஒரு நாளுக்குள் 254.8 மில்லிமீட்டர். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எந்தத் தட்டும் காக்காது. மேட்டில், திறந்த வெளியில் நின்ற அந்த வண்டிக்கோ, மேலிருந்து விழுந்த மழைதான் பகை. அதன் எஞ்சின் நனையவில்லை. அடுத்த வாரம் முதலாளி மாமாவுக்குத் தேநீர் வாங்கித் தந்தார், வேறொன்றும் சொல்லவில்லை.

நண்பர்களே, வேகத்துக்குத் தடையென்று ஒன்றைக் கழற்றி எறிவது எளிது. அது எதற்காக அங்கே வைக்கப்பட்டது என்று கேட்பதுதான் அறிவியல். அந்தக் கேள்வியைக் கேட்கப் பட்டம் வேண்டியதில்லை. சில சமயம் ஒரு முழம் கம்பளி நூலும், சம்பளம் தருபவர் முன் 'மாட்டேன்' என்று சொல்லும் துணிவும் போதும்.